பாட்டி கேட்ட பை

முப்பத்திரண்டு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். சொல்லுக்குப் பொருள் எழுதுவதே என் தொழிலாக இருந்தது. கரும்பலகையை நடுவில் கோடிட்டுப் பிரிப்பேன். இடப்புறம் ஆங்கிலச் சொல். வலப்புறம் தமிழ்ச் சொல். இரண்டுக்கும் இடையே ஒரு சமக்குறி. அந்தச் சமக்குறியின்மேல் எனக்கிருந்த நம்பிக்கை பெரிது. அதே சமக்குறி ஒரு குளிர்கால இரவில், கடல் கடந்த நாட்டில், எண்பத்தாறு வயது மூதாட்டி ஒருவரைக் கண்ணீர் வடிக்கச் செய்தது என்றால் நம்புவீர்களா? அந்தக் கண்ணீருக்கு நானே பொறுப்பாளி.

என் இளைய மகள் துறவற சபை ஒன்றில் அருட்சகோதரி; செவிலியர் பயிற்சி பெற்றவள். 2017-ஆம் ஆண்டு, போர்த்துக்கல் நாட்டில் சபையார் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றுக்கு அவள் அனுப்பப்பட்டாள். செய்தி கேட்டதும் அவள் தாய் ஊறுகாய் போடத் தொடங்கினாள். நானோ, ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கே உரிய முறையில், ஏடும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். எனக்குப் போர்த்துக்கீசியம் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் நண்பரான குருவானவர் ஒருவரிடம், பிரேசில் நாட்டில் அச்சிடப்பட்ட ஆங்கில – போர்த்துக்கீசியச் சொற்கையேடு ஒன்று இருந்தது. அதனை இரவல் வாங்கி, அன்றாட வாழ்வுக்கு வேண்டிய சொற்களைப் பொறுக்கியெடுத்து, ஒலிப்பைத் தமிழில் எழுதி, நாற்பது பக்க ஏடு ஒன்றை ஆயத்தம் செய்தேன். சமையலறை, உடை, நோய், மருந்து, நேரம், நாள் என்று தலைப்புகள் இட்டேன். "பைகள்" என்பதும் ஒரு தலைப்பு. பயணம் போகிறவளுக்குப் பைகளின் பெயர் தெரிய வேண்டாமா?

அந்தப் பக்கம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. பேக் என்றால் சாக்கு. ஹேண்ட்பேக் என்றால் போல்சா. சூட்கேஸ் என்றால் மாலா. முதுகில் மாட்டும் பை மொஷீலா. பணம் வைக்கும் பர்ஸ் கர்த்தெய்ரா. அலுவலகத்தார் தூக்கிச் செல்லும் பிரீஃப்கேஸ் பாஸ்தா. ஆறு ஆங்கிலச் சொல், ஆறு போர்த்துக்கீசியச் சொல், ஆறு சமக்குறி. எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது என் உள்ளத்தில் பெருமிதம் பொங்கியதை மறைக்க விரும்பவில்லை. விமான நிலையத்தில் மகள் அந்த ஏட்டைத் தன் செபப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அதைக் கண்டு என் நெஞ்சம் குளிர்ந்தது.

அங்கே அவளுக்கு மூன்று மாதம் மொழிப் பயிற்சி அளித்தார்கள். அதன்பின் இல்லத்தில் பணி. முதல் குளிர்காலத்திலேயே அந்த நிகழ்ச்சி நடந்தது.

அலென்தேஜு என்பது போர்த்துக்கல்லின் தென்பகுதியில் உள்ள அகன்ற சமவெளி. கோதுமை வயலும், தக்கை தரும் ஓக் மரங்களும் நிறைந்தது. அப்பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் இல்லத்தில் சேர்ந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் பிழைப்புக்காக வெளிநாட்டில் இருந்தனர். அன்று இரவு என் மகளுக்குப் பணி முறை. நள்ளிரவில் மூதாட்டி விழித்துக்கொண்டு, "என் மாலா எங்கே? என் மாலா எங்கே?" என்று கேட்கத் தொடங்கினார். என் மகளுக்கு மகிழ்ச்சி. இந்தச் சொல் அவளுக்குத் தெரியும்! அப்பாவின் ஏட்டில் படித்த சொல்! உடனே பண்டக அறைக்கு ஓடி, மூதாட்டி வந்த நாளில் உடன் கொண்டுவந்த பெரிய சூட்கேஸைத் தேடியெடுத்து, கட்டிலருகே கொணர்ந்து, அவருக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்தும் வைத்தாள்.

மூதாட்டியின் முகம் வெளிறியது. கட்டிலின் கம்பியை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, "நான் போகமாட்டேன், நான் போகமாட்டேன்" என்று விம்மினார். மகள் எவ்வளவோ ஆறுதல் கூறினாள். கூறக் கூற அழுகை மிகுந்தது. கிராமத்திலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். இப்போது நள்ளிரவில் பெட்டியைத் திறந்து வைத்து, இங்கிருந்தும் வேறெங்கோ அனுப்பப் போகிறார்கள் என்றுதான் அந்த எளிய உள்ளம் எண்ணியது. அந்நாட்டில் பயணத்திற்கு மூட்டை கட்டுவதையே "மாலா செய்தல்" என்றுதான் சொல்வார்கள். திறந்த மாலாவைக் கண்டவர் வேறென்ன நினைப்பார்?

அழுகுரல் கேட்டு, இல்லத்தில் நெடுங்காலம் பணியாற்றும் உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் வந்தார். ஒரு நொடியில் புரிந்துகொண்டார். மேசை இழுப்பறையிலிருந்து, பாதுகாப்புக்காகப் பகல்நேரப் பணியாளர் எடுத்து வைத்திருந்த சிறிய கறுப்புத் தோல் கைப்பையை எடுத்து மூதாட்டியின் மடியில் வைத்தார். அழுகை நின்றது. மூதாட்டி கேட்ட மாலா அதுதான்.

அடுத்த ஞாயிறு தொலைபேசியில் மகள் இதைச் சொன்னாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. "அப்பா, உங்கள் ஏட்டில் மாலா என்றால் சூட்கேஸ் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? அது தப்பில்லை. ஆனால் இங்கே கைப்பைக்கும் மாலா என்றுதான் பெயர் அப்பா" என்றாள். எனக்குப் பேச்சு எழவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. என் சமக்குறி ஒரு கிழவியின் நெஞ்சில் அச்சத்தைப் போட்டிருக்கிறதே!

அதன்பின் சில மாதம் அகராதிகளையும் இலக்கண நூல்களையும் தேடிப் படித்தேன். மகளிடமும் வாரந்தோறும் கேட்டறிந்தேன். ஆறு வரியில் நான் அடக்கிய பொருள் எத்துணை விரிந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

முதற்கண், ஒரே மொழி இரு நாட்டில் இருவிதமாகப் பேசுகிறது. பிரேசிலில் பெண்கள் கையில் கொண்டு செல்லும் பை போல்சா. போர்த்துக்கல்லிலோ அதனை மாலா என்பர். கர்த்தெய்ரா என்பாரும் உண்டு. கடையில் பொருள் போட்டுத் தரும் பை பிரேசிலில் சக்கோலா; போர்த்துக்கல்லில் சாக்கு. 2015-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கு வரி விதிக்கப்பட்டுப் பை ஒன்று பத்து சென்ட் ஆயிற்று. அதிலிருந்து கடைக்காரர் "சாக்கு வேண்டுமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நோயாளிக்கு ஒத்தடம் கொடுக்கும் வெந்நீர்ப் பை பிரேசிலில் போல்சா, போர்த்துக்கல்லில் சாக்கு. படுக்கைப் பையைப் பிரேசிலியர் "உறங்கும் சாக்கு" என்பர்; போர்த்துக்கீசியர் "சாக்குக் கட்டில்" என்பர். காரின் பின்புறத்தில் சாமான் வைக்கும் இடத்தையும் போர்த்துக்கல்லில் மாலா என்று சொல்வதுண்டு.

இரண்டாவதாக, ஒரே சொல் பல வீடுகளில் குடியிருக்கிறது. போல்சா என்பது பை மட்டுமன்று. மாணவருக்கு அளிக்கும் உதவித்தொகையும் அதுவே. பங்குச் சந்தையும் அதுவே. 2003-ஆம் ஆண்டு பிரேசில் அரசு ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் வழங்கத் தொடங்கிய திட்டத்திற்குப் போல்சா ஃபமீலியா, அதாவது "குடும்பப் பை", என்று பெயரிட்டது. பாஸ்தா என்பது அலுவலகப் பை, பற்பசையும் பாஸ்தா, அமைச்சர் ஏற்கும் துறையும் பாஸ்தா. கர்த்தெய்ரா பணப்பையாகவும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மாணவன் எழுதும் மேசையாகவும் இருக்கும். "கார்த்தா" என்றால் கடிதம். கர்த்தெய்ரா அந்தக் குடும்பத்துச் சொல்.

மூன்றாவதாக, ஆங்கிலேயர் பை என்று சொல்லும் சில இடங்களில் போர்த்துக்கீசியருக்குப் பையே தோன்றுவதில்லை. உறக்கமில்லாதவரின் கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது என்பது ஆங்கில வழக்கு. போர்த்துக்கீசியர் அதனை "பாப்பு" என்பர்; பறவை இரையைச் சேர்த்து வைக்கும் கழுத்துப் பைக்குரிய சொல் அது.

இவ்வளவையும் அறிந்தபின், ஆங்கிலத்தையே நான் சரியாக நோக்கவில்லை என்பதும் விளங்கிற்று. பர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் போல்சா என்ற சொல்லும் ஒரே இலத்தீன் தாயின் மக்கள்; தாயின் பெயர் புர்சா. ஆயினும் மூத்தவள் இங்கிலாந்தில் சில்லறை வைக்கும் சிறு பையானாள், அமெரிக்காவில் கைப்பையானாள், இளையவள் பிரேசிலில் தோளில் தொங்கினாள். அஞ்சலைக் குறிக்கும் மெயில் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சில் ஒரு பையின் பெயர். மாலா என்பதும் அதே குடியில் பிறந்த சொல். கடிதங்கள் நிறைந்த பையின் பெயரே நாளடைவில் கடிதங்களுக்கு ஆகிவந்தது. அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டமாகிய பட்ஜெட்டும் முன்னொரு காலத்தில் சிறு தோற்பைதான். பையின் பெயர் உள்ளிருக்கும் பொருளுக்குச் செல்கிறது. பொருளின் மதிப்பு பையின் பெயரில் ஏறுகிறது.

நம் தமிழும் தன் வழியில்தான் பிரிக்கிறது. துணியாலும் தோலாலும் ஆனது பை. கெட்டியாகப் பூட்டிச் செல்வது பெட்டி. சூட்கேஸைப் பை என்று நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆகவே கைப்பையும் பெட்டியும் ஒரே பெயர் பெறும் என்று என் தமிழ் உள்ளத்திற்குத் தோன்றவில்லை. ஆங்கிலமும் அவற்றைப் பிரித்தே காட்டியது. நான் அறிந்த இரண்டு மொழிகளும் ஒத்துச் சொன்னதால், மூன்றாவது மொழியும் அப்படியே சொல்லும் என்று தீர்மானித்துவிட்டேன். அறியாமையைவிட அரைகுறை அறிவு துணிவு மிக்கது.

என்னைப்போல் இடறியவர் உண்டு என்பது சிறு ஆறுதல். 1855-ஆம் ஆண்டு பெத்ரு கரோலினு என்பவர் போர்த்துக்கீசியருக்கு ஆங்கில உரையாடல் கற்பிக்க ஒரு நூல் வெளியிட்டார். பிரெஞ்சு உரையாடல் நூலை முன்வைத்து, அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினார் போலும்; அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்ததற்கு நூலில் சான்றில்லை. அது நகைச்சுவை நூலாகவே உலகப் புகழ் பெற்றது. 1883-ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புக்கு மார்க் ட்வைன் முன்னுரை எழுதினார். வகுப்பில் நான் அந்நூலைப் பற்றிச் சொல்லி மாணவரைச் சிரிக்க வைத்ததுண்டு. அந்தச் சிரிப்பு இப்போது என் பக்கம் திரும்பி நின்றது.

மற்றொருவரையும் நினைத்துப் பார்த்தேன். போர்த்துக்கல்லில் பிறந்து நம் மதுரை மிஷனில் பணியாற்றிய சேசு சபைக் குரு அந்தாம் தெ புரோயென்சா அடிகள், தமிழ்ச் சொற்களுக்குப் போர்த்துக்கீசியத்தில் பொருள் கூறும் அகராதி ஒன்றைத் தொகுத்தார். அவர் 1666-ஆம் ஆண்டு இறந்தார். நூல் 1679-ஆம் ஆண்டுதான் கேரளத்தின் அம்பழக்காட்டில் அச்சேறியது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியை, நம் தனிநாயகம் அடிகளார் 1966-ஆம் ஆண்டு மலேசியாவில் மறுபதிப்பாக வெளியிட்டார். புரோயென்சா அடிகளும் என்னைப்போல் இரு மொழிகளை அடுத்தடுத்து வைத்தவர்தாம். ஆனால் அவர் ஆண்டுக் கணக்கில் நம் மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் பேச்சைக் காதால் கேட்டார். நானோ என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நான் பார்த்திராத மக்களின் பைகளுக்குப் பெயர் சூட்டினேன்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். "அப்பா, இயேசு சீடர்களைப் பணப்பையும் வேறு பையும் இல்லாமல் அனுப்பினார். நான்தான் இருபத்து மூன்று கிலோப் பெட்டியும், நாற்பது பக்க ஏடும் சுமந்துகொண்டு வந்தேன்" என்றாள். லூக்கா நற்செய்தியின் அந்தப் பகுதியைப் போர்த்துக்கீசிய விவிலியத்தில் தேடிப் பார்த்ததாகவும், அங்கே பணப்பை போல்சா என்றும், வழிப்பை அல்ஃபோர்ஜ் என்றும் இருப்பதாகவும் சொன்னாள். அல்ஃபோர்ஜ் அரபு மொழியிலிருந்து வந்த சொல். குதிரை, கழுதை முதுகில் இருபுறமும் தொங்கவிடும் இரட்டைப் பை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அரபு பேசுவோர் ஆண்ட மண்ணல்லவா அது!

இந்த ஆராய்ச்சியில் எனக்குக் கிட்டிய ஒரு மகிழ்ச்சியையும் சொல்ல வேண்டும். என் ஏட்டின் முதல் வரி, "பேக் என்றால் சாக்கு." எழுதும்போது அதைத் தற்செயலான ஒலி ஒற்றுமை என்றே எண்ணினேன். நெல் மூட்டைக்கு நாம் சொல்லும் சாக்கு, ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்த சொல். போர்த்துக்கீசியர் தந்ததோ, அவர்களுக்குப்பின் வந்த டச்சுக்காரர் தந்ததோ, இருவர் சொல்லும் இலத்தீன் வழியாகக் கிரேக்கத்திற்குப் போகிறது. கிரேக்கச் சொல்லோ எபிரேயம் போன்ற கீழை மொழிக் குடும்பத்திலிருந்து வந்தது. எபிரேயத்தில் அது "சக்". எகிப்தில் யோசேப்பு தம் சகோதரரின் தானியப் பைகளை நிரப்பி, அவர்கள் கொடுத்த பணத்தையும் அவற்றிலேயே திரும்ப வைக்கச் செய்தாரே, தொடக்க நூலில் அந்தப் பைக்கு வரும் சொற்களில் ஒன்று இதுவே. பை திறந்தபோது அந்தச் சகோதரரும் நடுங்கினார்கள். அன்பினால் வைத்ததைத் தண்டனை என்று எண்ணினார்கள். என் மகள் அன்பினால் திறந்த பெட்டியைக் கண்டு மூதாட்டி நடுங்கியதை நான் அந்தப் பக்கத்தோடு சேர்த்தே இப்போது வாசிக்கிறேன்.

அந்தக் கைப்பைக்கு வருகிறேன். அன்று இரவுக்குப்பின் அது மூதாட்டியின் தலையணை அருகிலேயே இருக்கலாம் என்று இல்லத்தார் இசைந்தார்கள். சில வாரம் கழித்து அவரே என் மகளை அருகில் அமர்த்தி, பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு செபமாலை, கணவரின் நிழற்படம், மடித்த கைக்குட்டை, அடியில் கனத்த இரும்புச் சாவி ஒன்று. பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி. அதனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மூதாட்டி மௌனமாக இருந்தார். என்ன சொல்வதென்று அறியாத என் மகள், தன்னையறியாமல் தமிழிலேயே, "சாவி" என்றாள்.

மூதாட்டி நிமிர்ந்து பார்த்தார். "ஷாவ்!" என்றார். அவர் மொழியில் சாவிக்கு அதுதான் பெயர். சாவி என்ற சொல்லை நம் முன்னோர் போர்த்துக்கீசியரிடம் பெற்றனர். அடுத்து மூதாட்டி மேசையைக் காட்டி "மேசா" என்றார். மகள் "மேசை" என்றாள். "ஜனேலா" என்றார், "ஜன்னல்" என்றாள். "அர்மாரியு" என்றார், "அலமாரி" என்றாள். அன்றுதான் முதன்முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தாராம். அந்த நான்கு சொற்களில் ஒன்றுகூட என் ஏட்டில் இல்லை. பாடமாக எழுதத் தேவையில்லாத அளவுக்கு அவை நம் வீட்டிலேயே இருந்தன.

அதன்பின் மாலை நேரங்களில் அவரே என் மகளுக்கு ஆசிரியையானார். ஒரு பொருளைக் காட்டுவார், பெயர் சொல்வார், அது யாருடையது, எங்கே வாங்கியது என்று கதையும் சொல்வார். அடுத்த ஆண்டு வசந்த காலத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். கைப்பையை வெளிநாட்டிலிருந்து வந்த மகனிடம் என் மகளே ஒப்படைத்தாள். "மாலா" என்று சொல்லித்தான் கொடுத்தாளாம்.

நான் இப்போது புதிய ஏடு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்கு அடுத்துச் செல்லும் இளம் சகோதரிகளுக்காக. அதில் "பைகள்" என்ற பக்கத்தில் சமக்குறி இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, மகள் சொல்லக் கேட்டு, நான்கு செய்திகள் எழுதியிருக்கிறேன்: இதை யார் கொண்டு செல்வார்? கையிலா, தோளிலா, முதுகிலா? உள்ளே என்ன வைப்பார்? எந்த நாட்டில் இப்படிச் சொல்வார்? பக்கத்தின் அடியில் ஒரு வரி: "ஐயம் இருந்தால், பையைக் கொண்டுவருவதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேள்."

அந்த வரி வேற்று மொழிக்கு மட்டும் உரியதா என்று சில வேளை எண்ணிக்கொள்கிறேன். ஒரே தமிழ் பேசும் நம் இல்லங்களிலும், முதியவர் ஒருவர் ஒன்றைக் கேட்க, நாம் வேறொன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "கேட்டதைத்தானே கொடுத்தேன், ஏன் இந்த அழுகை?" என்று சலித்துக்கொள்வதில்லையா? என் தாயும் தம் கடைசி நாள்களில் "என் பெட்டி, என் பெட்டி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். துணிப்பெட்டியை எடுத்து வந்து காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். வயதின் தடுமாற்றம் என்று விட்டுவிட்டேன். அவர் கேட்டது எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் வழியில்லை.